கட்டாருக்குப் போகாதவன்

அத்தியாயம் 11

சாய்ந்தமருதிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பதினைந்து நிமிடம். அதற்குள் மனைவியிடம் சொல்லிவிடுவது என்று றம்ஸீன் முடிவெடுத்திருந்தான்.

ஒன்பது நிமிடம் போய்விட்டது. இன்னும் வாய் திறக்கவில்லை.

ஆட்டோவை அவனே ஓட்டினான். பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் பஸ்மினா தெரிந்தாள். மடியில் நாலு மாதப் பிள்ளை நுஸைபா. பிள்ளையின் நிறை இரண்டு மாதமாக ஏறவில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தரம் காட்டுங்கள் என்று மிட்வைஃப் சொல்லியிருந்தார். றம்ஸீன் அதைத்தான் சாக்காகப் பிடித்துக்கொண்டான். புருஷனே முன்வந்து பிள்ளையைக் காட்டக் கூட்டிப் போகிறான் என்பதில் பஸ்மினாவுக்கு உள்ளூரப் பெருமை. பெருநாளைக்கு எடுத்த அபாயாவை உடுத்திருந்தாள்.

"என்ன இண்டைக்கு இவ்வளவு மெதுவாப் போறீங்க? முட்டைத் தட்டா ஏத்திரிக்கீங்க?"

றம்ஸீன் சிரித்தான். சிரித்த வாயாலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது போன ஆண்டு ஜூலையில் தொடங்கியது. அறுகம்பேயில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அவனுக்கு சீசன் வேலை. அங்கே வந்து தங்கிய ஒருத்தியோடு மூன்று நாள் பழக்கம். அவள் விமானம் ஏறிப் போன பிறகுதான் பயம் பிடித்தது. பஸ்மினா அப்போது நாலு மாதக் கர்ப்பிணி.

பரிசோதித்துப் பார்த்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் அதற்கென்றே ஒரு கிளினிக் இருக்கிறது. இலவசம். பெயரும் வெளியே போகாது. ஆனால் அந்த வாசலில் ஏறுகிறவனைப் பார்த்துவிட்ட ஊருக்குப் பெயர் எதற்கு?

ஆகஸ்டில் அவன் ஊர் திரும்பிய கிழமையே பள்ளிவாசலில் இரத்ததான முகாம் வந்தது. முன்னின்று நடத்தியவர் அவனுடைய மாமனார் சீனிமுகம்மது. கொடுக்கிற இரத்தத்தை எப்படியும் இந்த நோய்க்கும் சோதிப்பார்கள், ஏதும் இருந்தால் கடிதம் வரும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தான். வெட்கப்படத் தேவையில்லாத வழி. வரிசையில் நின்று கையை நீட்டினான்.

படிவத்தை மாமனார்தான் நிரப்பினார், அடையாள அட்டையைப் பார்த்து. அட்டையில் இருந்தது நிந்தவூர் விலாசம். இந்தக் கரையில் கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டில் போய்க் குடியிருக்கிறான். அவனுடைய அட்டை மட்டும் உம்மா வீட்டிலேயே இருந்துவிடுகிறது. அதை யார் யோசித்தார்கள்?

நாற்பது நாள் அவன் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தான். புழுக்கம் என்றான். தபால்காரரின் சைக்கிள் வாசலில் மெதுவாகும்போதெல்லாம் எழும்பி வந்து பார்த்தான். சைக்கிள் தாண்டிப் போனது. கடிதம் வராவிட்டால் நோய் இல்லை என்றுதானே அர்த்தம். நாற்பத்தோராம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனான்.

கடிதம் நிந்தவூருக்குப் போயிருந்தது. அலுமாரி ஒதுக்கும்போது கிடைத்தது என்று உம்மா அதை அவன் கையில் கொடுத்தது போன செவ்வாய்க்கிழமை. 'தயவுசெய்து எங்களை வந்து சந்திக்கவும்.' அவ்வளவுதான் இருந்தது. புதன்கிழமை அந்த வாசலில் ஏறினான். எச்ஐவி இருக்கிறது என்றார்கள். திங்கட்கிழமை மனைவியையும் பிள்ளையையும் கூட்டி வாருங்கள் என்றார்கள்.

இன்று திங்கட்கிழமை.

ஆஸ்பத்திரி கேட் வந்துவிட்டது.

*

பிள்ளைகளின் வார்டைத் தாண்டி றம்ஸீன் நடந்தான். பஸ்மினா இரண்டு தரம் பின்னாலிருந்து கூப்பிட்டாள், வார்டு இந்தப் பக்கம் என்று. அவன் திரும்பவில்லை. மருந்தகத்தைத் தாண்டி, துணி துவைக்கிற கட்டடத்தையும் தாண்டி, மதிலோரம் ஒரு சின்னக் கட்டடம். கதவில் இலக்கம் மட்டும் எழுதியிருந்தது. வெளியே உட்கார ஒரு வாங்கு. அதில் இருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு திசையில் திரும்பி இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மாமனார்.

சீனிமுகம்மதுவுக்கு உற்சாகம். வருகிற வெள்ளி மறுபடி முகாம். பெயர்ப் பட்டியலை இன்றைக்கே கொடுக்க வேண்டுமாம். முதல் பெயராக மருமகனைத்தான் போட்டிருக்கிறாராம். மருமகனே முன்னுக்கு நின்றால் மற்ற இளைஞர்களுக்குக் கூச்சம் போய்விடும் என்றார்.

"சரி மாமா," என்றான் றம்ஸீன்.

கதவைத் திறந்துகொண்டு அழகரெத்தினம் வந்தார். காரைதீவுக்காரர். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கிளினிக்கில் ஆட்களைத் தேடிப் பிடிப்பதும், இருத்தி வைத்துக் கதைப்பதும் அவருடைய வேலை. புதன்கிழமை றம்ஸீனிடம் அவர் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் கோபப்பட்டார். நோய் இருக்கிறதா என்று பார்க்க இரத்ததானத்துக்குப் போகக்கூடாது தம்பி, ஆரம்ப நாட்களில் எந்தச் சோதனையிலும் பிடிபடாமல் போகலாம், அந்தப் பை இன்னொருவருடைய நரம்பில் ஏறும் என்றார். உங்களுடைய பை பிடிபட்டது, அது ஒன்றுதான் நல்ல காலம் என்றார்.

இன்று அவர் பஸ்மினாவைப் பார்த்தார். பிறகு றம்ஸீனைப் பார்த்தார்.

"சொல்லிட்டீங்களா?"

றம்ஸீன் நிலத்தைப் பார்த்தான்.

அழகரெத்தினம் அவனை ஓரமாக அழைத்துப் போனார். எதற்கு என்று சொல்லாமல் உங்கள் மனைவியிடமிருந்து ஒரு துளி இரத்தமும் எடுக்க மாட்டேன், நான் சொல்லட்டா, நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றான். அவர் தன்னுடைய அறையைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார்.

அவன் எந்த ஒழுங்கில் சொன்னான் என்பது பிறகு இருவருக்குமே நினைவில் இல்லை. அறுகம்பேயில் தொடங்கினான். முகாமுக்குப் போனான். உம்மாவின் அலுமாரிக்கு வந்தான். திரும்ப அறுகம்பேக்குப் போனான். நோயின் பெயரைக் கடைசியில் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

பஸ்மினா அழவில்லை. பிள்ளையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"அதுக்குத்தான் விறாந்தையில படுத்தீங்களா?"

"ஓம்."

"என்ட வயிறு பெரிசாகிட்டு, பக்கத்துல படுக்க ஒங்களுக்கு இடைஞ்சலாக்கும் எண்டு நான் நினைச்சன்."

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"மறுகா ஏன் உள்ள வந்தீங்க?"

"கடிதம் வரல்ல."

"கடிதம் வரல்ல," என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "ஒரு எட்டு இஞ்ச வந்து கேக்க ஏலாமப் போச்சா?"

"வெக்கமா இரிந்திச்சி."

அவள் தலையாட்டினாள். ஏதோ கடையில் சாமான் முடிந்துவிட்டது என்று சொன்னால் தலையாட்டுவது போல. அதற்குப் பிறகு அந்த நாள் முழுக்க அவள் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

*

அழகரெத்தினம் உள்ளே வந்து அமர்ந்ததும் பஸ்மினா கைப்பையைத் திறந்தாள். கர்ப்பிணி அட்டையை எடுத்து மேசையில் விரித்தாள். எல்லாப் பத்திரங்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கிற பெண். இரத்தச் சோதனைக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இல்லண்டு எழுதிரிக்கி சேர். என்ட ரத்தத்த எடுத்துப் பார்த்துட்டுத்தான் எழுதினவங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திகதியை வாசித்தார்.

"இது ஜூன் மாசத்து ரத்தம், தங்கச்சி. ஜூன்ல இது உண்மை. அதுக்குப் பிறகு நடந்தது இந்த அட்டைக்குத் தெரியாது."

அவள் அட்டையை மடித்தாள். சரியாகத்தான் மடித்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் போடத்தான் மூன்று தரம் முயல வேண்டியிருந்தது.

பிறகு கையை நீட்டினாள்.

விரல் நுனியில் சின்னக் குத்து. ஒரு துளி. வெள்ளைப் பட்டை ஒன்றின் குழியில் அது இறங்கியது. ஒரு கோடு மட்டும் வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் இன்னொரு சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும், இருபது நிமிடம் பொறுங்கள் என்றார் அழகரெத்தினம்.

நுஸைபா விழித்துக்கொண்டாள். பசி. பஸ்மினா சுவர்ப்பக்கம் திரும்பி, சால்வைக்குள் பிள்ளையை அணைத்துப் பால் கொடுத்தாள். அழகரெத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கொப்பியில் எதையோ எழுதுவது போல் குனிந்துகொண்டார். முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறவர். இதை நிறுத்தச் சொல்ல அவரிடம் வார்த்தை இருக்கவில்லை.

முதல் கோடு வந்தது. அது எல்லோருக்கும் வரும்.

பஸ்மினா கழுத்தை மட்டும் திருப்பிப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். றம்ஸீன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். இரண்டாவது கோடு தொடங்கியது. முதலில் பென்சிலால் இழுத்தது போல. பிறகு சிவப்பாக.

அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளே பிள்ளையின் கடைவாய்க்குள் சுண்டுவிரலை விட்டு, மெதுவாகப் பிரித்து எடுத்தாள். நுஸைபாவுக்கு விளங்கவில்லை. வெறும் வாயால் காற்றைச் சப்பினாள்.

*

பிறகு நடந்தவை எல்லாம் ஒழுங்காக நடந்தன. உறுதிப்படுத்த பஸ்மினாவின் கையிலிருந்து இன்னொரு குழாய் இரத்தம். பிள்ளையின் குதிகாலிலிருந்து கொஞ்சம். தாயின் இரத்தத்தில் இருப்பது பிள்ளையின் இரத்தத்திலும் நிழலாகத் தெரியும், அதனால் சாதாரணச் சோதனை பிள்ளைக்குச் சரிவராது, வேறொன்று செய்ய வேண்டும், கொழும்புக்குப் போகிறது, சில கிழமை எடுக்கும் என்றார் அழகரெத்தினம். நாளைக்கே டொக்டரைப் பார்க்க வேண்டும். இருவருக்கும் மருந்து தொடங்க வேண்டும். பிள்ளைக்கும் குடிக்க ஒரு பாணி மருந்து தருவார்கள். பால் இன்றோடு நிறுத்த வேண்டும்.

பஸ்மினா கேட்டது ஒன்றைத்தான். மருந்து குடித்தால் மாறுமா?

"மாறாது. அடங்கிக் கிடக்கும்," என்றார் அவர். "ஒவ்வொரு நாளும் குளிசை. விடாமக் குடிச்சா உங்கட ஆயுசுல குறை வராது. மற்ற ஆக்களுக்கும் தொத்தாது. நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லல்ல."

"புள்ளைக்கு?"

அவர் குழாய்களில் பெயர் ஒட்டினார். இரண்டாவதை ஒட்டி முடித்த பிறகுதான் பேசினார்.

"முடிவு வரட்டும் தங்கச்சி. வயித்தில இருக்கும்போதே தெரிஞ்சிருந்தா, பிறக்கிற பிள்ளையை அநேகமாக் காப்பாத்தலாம். நாங்க அப்பிடி எத்தனையோ பிள்ளையைக் காப்பாத்தியிருக்கம்." பிறகு றம்ஸீன் பக்கம் திரும்பினார். "நான் உங்களைத் தேடி நிந்தவூருக்கு ரெண்டு தரம் வந்தன், தம்பி. கடிதத்துக்குப் பதில் இல்லை, போனும் வேலை செய்யல்ல. நீங்க கட்டாருக்குப் போயிட்டீங்கள் எண்டு வீட்டில சொன்னாங்க. ஆள் நாட்டில இல்லையெண்டு எழுதி ஃபைலை மூடினன்."

றம்ஸீன் நிமிர்ந்தான்.

"நான் கட்டாருக்குப் போகவேயில்லயே சேர். என்னட்டப் பாஸ்போர்ட்டே இல்ல."

"ஒரு வயசான உம்மா. வாசல்ல வெச்சே சொல்லிட்டா."

கதவருகில் போயிருந்த பஸ்மினா நின்றாள். வீட்டுக்கு வேண்டாம், நிந்தவூருக்கு விடுங்கள் என்றாள்.

*

ஆயிஷா உம்மா குசினிக்குள் மீன் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். மகனும் மருமகளும் பேத்தியும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றதும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. மீன் கையைக் கழுவிவிட்டு ஓடிவந்து பிள்ளையை வாங்கினார். இது என்ன பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது என்றார். என்ட மகனும் இப்படித்தான் சின்னதில் என்றார்.

பஸ்மினா கடிதத்தைப் பற்றிக் கேட்டாள். சாதாரணமாக, தண்ணீர் கேட்பது போலக் கேட்டாள். எத்தனை கடிதம் வந்தது மாமி?

ஆயிஷா உம்மா சிரித்தார். மூன்று வந்ததாம். ஒன்றைத்தான் மகனிடம் கொடுத்தாராம், மற்ற இரண்டும் அலுமாரியில்தான் கிடக்கிறதாம். போய் எடுத்துக்கொண்டும் வந்தார். மேலே இரத்த வங்கி என்று அச்சடித்திருந்தது. அந்த மட்டும் அவருக்கு வாசிக்கத் தெரியும்.

"இவன் சீசன் வேலைக்குப் போய் வந்து நிக்கிற கோலத்தப் பார்த்தீங்கதானே மகள். கன்னம் ரெண்டும் ஒட்டி, எலும்பும் தோலுமா. அதுக்குள்ள ரத்தம் வேற குடுத்திரிக்கான். மறுகா பாத்தா வா வா எண்டு கடிதத்துக்கு மேல கடிதம். ஒருக்காக் குடுத்தவன விடமாட்டானுகள் போல. இவன்ட கையில குடுத்தா ஓடிப் போய் நீட்டுவான், இவன்ட குணம் அப்படி. நான் ஒளிச்சி வெச்சிட்டன். இப்ப கொஞ்சம் தேறிட்டான், இனிப் பரவாயில்லண்டுதான் ஒண்டக் குடுத்தன்."

றம்ஸீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கட்டார்?" என்று கேட்டாள் பஸ்மினா.

"ஆ, அது," என்று ஆயிஷா உம்மா குரலைத் தாழ்த்தினார். ஒரு நல்ல தந்திரத்தைப் பங்குபோடுகிற சந்தோஷம் முகத்தில். "ஒரு தமிழ் ஐயா வீட்டுக்கே வந்துட்டார் மகள். ஒருக்கா இல்ல, ரெண்டு தரம். ரத்தத்துக்கு வீடு தேடியா வாறது? ஆள் கட்டாருக்குப் போய்ட்டார், ரெண்டு வருஷம் செல்லும் எண்டு சொன்னன். பொய்தான். தவ்பா செஞ்சிட்டன். மறுகா வரல்ல."

பஸ்மினா இரண்டு கடிதங்களையும் விரித்தாள். வரி ஒன்றுதான். திகதிகளைத்தான் பார்த்தாள். ஒன்று நவம்பர். மற்றது செப்டெம்பர் இரண்டு.

செப்டெம்பர் இரண்டாம் திகதி றம்ஸீன் விறாந்தையில்தான் படுத்துக்கொண்டிருந்தான். உள்ளே வர இன்னும் இரண்டு கிழமை இருந்தது.

கடிதத்தை அவள் அவனிடம் நீட்டினாள். அவன் வாசித்தான். வாசித்துக்கொண்டே இருந்தான், அதில் இன்னும் ஏதோ இருக்கிறது போல.

"உம்மா," என்று தொடங்கினான். "உம்மா, அந்தக் கடிதம்..."

"போவம்," என்றாள் பஸ்மினா.

இரக்கத்தால் அவள் அவனைத் தடுக்கவில்லை. இந்தக் கிழவி உடைந்து விழுவதைப் பார்க்கவும், தாங்கிப் பிடிக்கவும், ஆறுதல் சொல்லவும் இன்று அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. அவ்வளவுதான்.

ஆயிஷா உம்மா அவர்களை வெறுங்கையோடு விடவில்லை. பேத்திக்கு நிறை கூடவில்லை என்று மகன் போனில் சொல்லியிருந்தானாம். அதற்காகவே விடிய எழும்பிக் கடற்கரைக்கு ஆள் விட்டு எடுத்த பால்சுறா. புட்டுப்போல உதிர்த்து, உள்ளி போட்டு வறுத்து மூன்று நாள் சாப்பிட்டால் பால் பொங்கும் மகள், பிள்ளை தன்னால் ஊதும் என்றார். பையை பஸ்மினாவின் கையில் திணித்தார்.

"ஓம் மாமி," என்றாள் பஸ்மினா.

*

சாய்ந்தமருது வீட்டுக்கு வரும்போது பின்னேர அசருக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது. றம்ஸீன் அவர்களை இறக்கிவிட்டான். தான் இறங்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடி வாசலிலேயே ஆட்டோவுக்குள் இருந்தான்.

வீட்டில் யாரும் இல்லை. வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். பஸ்மினா கொதித்தாறிய தண்ணீரில் பால்மாவைக் கரைத்தாள். சூப்பிப் போத்தலை நுஸைபாவின் வாயில் வைத்தாள். பிள்ளை நாக்கால் தள்ளியது. திரும்ப வைத்தாள். முகத்தைச் சுளித்துத் துப்பியது. மூன்றாம் தரம் வாயைத் திறக்கவே இல்லை. அழ மட்டும் திறந்தது.

பிள்ளை அழ அழ அவளுக்குப் பால் சுரந்தது. உடம்புக்குச் செய்தி போகவில்லை. சட்டை நனைந்தது. ஒரு துணியை மடித்து உள்ளே வைத்தாள். அதுவும் நனைந்தது. நுஸைபா அந்த வாசனைக்கு முகத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தேடினாள்.

அழுகைச் சத்தம் கேட்டு ராத்தா வந்தாள். பஸ்மினாவின் அக்கா நளீமா, ஒரே சகோதரி. வாப்பா இரண்டு பெண்களுக்கும் ஒரே வளவில் அடுத்தடுத்துக் கட்டிக் கொடுத்த வீடுகள். நடுவில் வேலி இல்லை. நளீமாவின் இடுப்பில் அவளுடைய மகன் ஹம்தி. ஒன்பது மாதம். கொழுகொழு என்று இருந்தான்.

"இதென்னடி கூத்து? மாரெல்லாம் நனைஞ்சி வடியுது, இவ புள்ளைக்கு டின் பால் கரைக்கிறா."

டொக்டர்தான் சொன்னார் என்றாள் பஸ்மினா.

"நிறை இல்லாத புள்ளைக்குத் தாய்ப்பால நிப்பாட்டச் சொன்ன டொக்டர எனக்கும் ஒருக்காக் காட்டு," என்றாள் நளீமா. ஹம்தியைப் பாயில் இறக்கிவிட்டாள். "தா இஞ்ச. ஒனக்கு ஏலாட்டி நான் குடுக்கிறன்."

"வேணாம் ராத்தா."

"ஏன் வேணாம்? மாசி மழைக்க நான் டெங்குல ஆஸ்பத்திரியில கிடக்க, பத்து நாளும் இவனுக்கு நீதானே குடுத்த. நான் ஒரு நேரம் குடுத்தா ஒன்ட புள்ள கரைஞ்சா போயிரும்?"

நளீமா பிள்ளையை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டு பொத்தானைக் கழற்றத் தொடங்கினாள்.

பஸ்மினா அசையவில்லை.

பத்து நாள். வலது பக்கம் ஹம்தி, இடது பக்கம் நுஸைபா. ஐந்து தரம் வயிறு நிறையக் குடித்தாலே பால் உறவு, இனி இதுகள் இரண்டும் கூடப்பிறந்ததுகள் என்று வாப்பா அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஆஸ்பத்திரியில் அழகரெத்தினம் அதைக் கேட்கவில்லை. கேட்க அவருக்குத் தோன்றியிருக்காது. அவளுக்கும் தோன்றவில்லை. காலையிலிருந்து அவள் ஒரு பிள்ளையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பாயில் தவழ்ந்து வந்த ஹம்தி அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்து எழும்ப முயன்றான். அவனுக்கு அந்த மடி பழக்கம்.

"ராத்தா, புள்ளையக் கீழ வை."

"பொறுடி."

"கீழ வை ராத்தா. ஹம்திக்கு நாளைக்கு ரத்தம் பாக்கணும்."

நளீமாவின் கை பொத்தானில் நின்றது. "ஹம்திக்கு என்ன?"

பஸ்மினா சொன்னாள். றம்ஸீன் போல அங்கும் இங்கும் போகவில்லை. நோயின் பெயரை முதலில் சொன்னாள். எனக்கு இருக்கிறது என்றாள். அவருக்கும் இருக்கிறது என்றாள். பாலிலும் போகும், இவளுக்கு வந்திருக்கிறதா என்று கொழும்பிலிருந்து பதில் வர வேண்டும் என்றாள். பத்து நாளில் ஹம்திக்கு வராமலும் இருக்கலாம், ஆனால் பார்க்கத்தான் வேண்டும் என்றாள். சொல்லி முடிக்கும்வரை குரல் ஒரே சீராக இருந்தது.

நளீமா தங்கையின் முகத்தையே பார்த்தாள். விளையாடுகிறாளா என்று தேடுவது போல. வெகுநேரம் தேடினாள்.

பிறகு நுஸைபாவைப் பாயில் வைத்தாள். எறியவில்லை. பக்குவமாகத்தான் வைத்தாள். வைத்த கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டாள். குனிந்து, பஸ்மினாவின் சட்டையைப் பிடித்திருந்த ஹம்தியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவன் சிணுங்கினான்.

"ஒரு நாளைக்கு எத்தின தரம் குடுத்த?"

"எண்ணல்ல ராத்தா. அழக்கிள்ள எல்லாம் குடுத்தன்."

"ராவைக்குமா?"

"ராவைக்கும்."

நளீமா ஹம்தியைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வெளியே போனாள். செருப்புப் போடவில்லை.

நுஸைபா பாயில் கிடந்து கத்தியது. பஸ்மினா போத்தலை எடுத்தாள். மீண்டும் வைத்தாள். மீண்டும் துப்பியது.

கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டு முற்றத்தில் பைப் திறக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் கொட்டுகிற சத்தம். அதற்கு மேலாக ஹம்தியின் வீறிட்ட அழுகை. பஸ்மினா ஜன்னலருகே போனாள்.

நளீமா பைப்படியில் குந்தி இருந்தாள். பிள்ளையை ஒரு கையால் தொடையோடு அழுத்திப் பிடித்திருந்தாள். மற்றக் கையால் தண்ணீரை அள்ளி அள்ளி அவன் வாயைக் கழுவினாள். உதட்டை, பல்லு முளைக்கிற முரசை, நாக்கை. விரலை உள்ளே விட்டுத் தேய்த்தாள். துப்பு மகன், துப்பு, துப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒன்பது மாதப் பிள்ளைக்குத் துப்பத் தெரியாது. விழுங்கினான்.

வாசலில் ஆட்டோவுக்குள் இருந்த றம்ஸீனும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கு என்று அவனுக்கு விளங்கச் சில விநாடி எடுத்தது. விளங்கியபோது நெற்றியை ஹேண்டிலில் வைத்துக்கொண்டான்.

அசர் தொழுதுவிட்டு, தொப்பியோடு வளவுக்குள் நுழைந்தார் சீனிமுகம்மது. கையில் முகாமின் பெயர்ப் பட்டியல். பைப்படியைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றார். என்ன மகள் செய்யிற, பிள்ளை மூச்செடுக்க ஏலாமல் கிடக்கு, வாய்க்குள் என்ன போட்டான் என்று கேட்டுக்கொண்டே கிட்ட வந்தார்.

நளீமா பைப்பை மூடவில்லை.

தண்ணீர் ஓட ஓட, நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்தாள்.